குச்சியும் கன்றும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் உயிருள்ளதை அடையாளம் காண்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியின் கரைச்சேற்றில் இரண்டு தண்டுகள் அருகருகே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, எல்லை காட்டுவதற்காக யாரோ கண்டல் கிளையை வெட்டி ஊன்றிய குச்சி. மற்றது, அண்மையில் நட்ட கண்டல் கன்று. அது இன்னும் இலை விடவில்லை. இரண்டும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டும் அசையவில்லை. இவற்றில் உயிருள்ளது எது?

பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு நிரல் போட்டு எழுதியதோடு பலர் இந்தக் கேள்வியை மறந்திருப்போம். ஆனால் எங்கள் பிரதேசத்தில் இது பரீட்சைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி வாவிக்கரையிலும் வீதியோரங்களிலும் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமி நாவலடி, கல்லடி, டச்பார் கரைகளைச் சிதைத்தது. அதன்பின் கண்டல் நடும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு சுயாதீன ஊடகவியலாளராக நான் வாசித்த திட்டச் செய்திகளில் பெரும்பாலும் இருந்தது நட்ட கன்றுகளின் எண்ணிக்கைதான். குச்சியை எண்ணலாம், ஊன்றியதோடு வேலை முடிந்தது. கன்று அப்படியானது அல்ல. அந்த வேறுபாட்டை, விஞ்ஞானம் சொல்லும் இயல்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாவிக்கரையின் உதாரணங்களோடு இங்கே பார்ப்போம்.

கலம்: உயிரின் அடிப்படை அலகு

உயிருள்ள எல்லாமே கலங்களால் ஆனவை. வாவி நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத அல்காவுக்கு ஒரே கலம். ஒரு மனிதருக்குப் பல கோடானுகோடி. கல்லுக்கும் மணலுக்கும் கலம் இல்லை.

ஆனால் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. 1665இல் ஆங்கில விஞ்ஞானி ரொபர்ட் ஹூக், நுணுக்குக்காட்டியால் தக்கைத் துண்டு ஒன்றைப் பார்த்து, அதிலிருந்த சிறு அறைகளுக்குக் 'கலம்' என்ற பொருள்படும் பெயரை வைத்தார். அவர் பார்த்தவை இறந்துபோன கலங்களின் வெற்றுச் சுவர்கள். அந்தக் கணக்கில் எங்கள் எல்லைக் குச்சிக்குள்ளும் கலச்சுவர்கள் இருக்கின்றன. வீடு நிற்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை. ஆகவே கலம் இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் வேலை நடக்கவேண்டும்.

தோட்டக்காரர் நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பது இதனால்தான். மரத்தின் உட்பகுதியில் பெரும்பங்கு இறந்த கலங்கள்தான், உயிர்வேலை பட்டைக்குக் கீழே நடக்கிறது. இன்றைக்கு வெட்டிய குச்சியும் சில நாட்களுக்குப் பச்சை காட்டும். எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை.

போசணை: உடலைக் கட்டும் பொருள் எங்கிருந்து வருகிறது?

உயிருள்ளவை வெளியிலிருந்து பொருளையும் சக்தியையும் எடுத்துத் தமது உடலாக மாற்றுகின்றன. கொடுவா சிறு மீனைத் தின்கிறது. சிறு மீனும் இறாலும் உக்கிய இலைத்துணுக்கையும் நுண்ணுயிர்களையும் தின்கின்றன. கண்டல், சூரிய ஒளியைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் தனக்கான உணவைத் தானே ஆக்குகிறது. இதுவே ஒளித்தொகுப்பு.

மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ட், அளந்து எடுத்த மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண் குறைந்ததோ 60 கிராமளவுதான். 1648இல் வெளியான இந்தப் பரிசோதனையிலிருந்து, நீர் மட்டுமே மரமானது என்று அவர் முடிவுசெய்தார். காற்றின் பங்கு பின்னர்தான் தெரியவந்தது. எங்கள் கண்டலும் அப்படியே: அதன் உடலில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் ஒளியின் உதவியோடு வந்தது. ஒளி கிடைக்காத இடத்தில் கன்று பட்டினி கிடக்கும்.

சுவாசம்: சேற்றுக்குள் மூச்சு

சுவாசம் என்றால் மூக்கால் காற்றை இழுப்பது மட்டும் அல்ல. உணவிலிருந்து கலம் சக்தியை விடுவிக்கும் வேலைதான் சுவாசம். மரமும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது, வேரும் சுவாசிக்கிறது.

வாவிச் சேற்றைக் காலால் மிதித்தால் கருமையாகக் கிளம்பும், கூழ்முட்டை நாற்றம் வரும். அங்கே ஒட்சிசன் இல்லை என்பதன் அடையாளம் அது. ஒட்சிசன் இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள் அந்த வாயுவை ஆக்குகின்றன. அவையும் உயிருள்ளவைதான். ஆனால் மரவேருக்கு ஒட்சிசன் வேண்டும். அதனால் கண்டல் தனது வேர்களைச் சேற்றுக்கு மேலே வளைத்து, அவற்றிலுள்ள நுண்துளைகளால் காற்றை எடுக்கிறது. வெண்கண்டல் மரம் பென்சில் போன்ற மூச்சு வேர்களைச் சேற்றிலிருந்து மேல்நோக்கி அனுப்புகிறது. அந்த வேர்கள் நாட்கணக்கில் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் மரம் திணறும்.

வாவியில் மீன்கள் செத்து மிதக்கும்போது முதலில் எழும் சந்தேகங்களில் ஒன்றும் ஒட்சிசன் குறைவுதான். இரவில் ஒளித்தொகுப்பு நின்றுவிடும், சுவாசம் மட்டும் தொடரும். அல்கா மிகுந்த நீரில் விடியற்புறத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதை அந்த நேரத்தில்தான் பார்க்கலாம்.

கழிவகற்றலும் உள்ளே சீர்காத்தலும்

கலங்களில் வேலை நடந்தால் கழிவு சேரும். அதை வெளியேற்றாத உயிர் நஞ்சாகும். நாங்கள் சிறுநீராகக் கழிப்பதை, மீன் பெரும்பாலும் அமோனியாவாகப் பூக்கள் வழியே நீரில் விடுகிறது.

இதனோடு ஒட்டிய இன்னொரு இயல்பு, வெளியே எது மாறினாலும் உள்ளே ஒரு சீரைக் காத்துக்கொள்வது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மாரியில் ஆற்றுவெள்ளம் இறங்கினால் நீர் நன்னீராகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்து, உவர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். ஒரே ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றத்தையும் தாங்கித்தான் இங்குள்ள மீனும் மரமும் வாழ்கின்றன. கண்டல் தனது வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அந்த இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும்.

எல்லைக் குச்சி இப்படி எதையும் தடுக்காது. நீர் உவர்ந்தால் அதுவும் உவர்க்கும், நீர் நன்னீரானால் அதுவும் அப்படியே.

வளர்ச்சி, உறுத்துணர்ச்சி, அசைவு

இறால் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு போடுகிறது. ஓடு இறுகும்வரை அது மென்மையாக, எளிதில் இரையாகும் நிலையில் இருக்கும். அதனால் கண்டல் வேர்களுக்கிடையில் கிடைக்கும் ஒளிப்பிடம் அதற்கு உயிர்ப்பிரச்சினை.

ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகளைக் கரைச்சேற்றில் பார்த்திருப்பீர்கள். எங்கள் நிழல் விழுந்ததுமே அவை வளைக்குள் மறைந்துவிடும். சூழலில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து பதில் செய்வது உறுத்துணர்ச்சி. தொட்டாற்சிணுங்கி இலை மூடுவதும் கன்றின் நுனி ஒளிப்பக்கம் சாய்வதும் அதே இயல்புதான். தாவரம் இடம்விட்டு நகராது. ஆனாலும் அதன் வேர் கீழே போகிறது, நுனி மேலே போகிறது, இலை திரும்புகிறது. அசைவு மெதுவாக நடப்பதால் எங்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

இனப்பெருக்கம்

கண்டல் விதை தாய்மரத்திலேயே முளைக்கிறது. நீண்ட பச்சைக் காய் போலத் தொங்குவது உண்மையில் முளைத்த கன்று. அது விழுந்து சேற்றில் நிற்கும், அல்லது நீரில் மிதந்து வேறு கரையைச் சேரும்.

கொடுவாவின் கதை வியப்பானது. பெரும்பாலான கொடுவா மீன்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, பெருத்த பின்னர் பெண்ணாக மாறுகின்றன. பெரிய மீன்களை மட்டும் தேடிப் பிடித்தால் முட்டையிடும் தாய்களே குறைந்துபோகும். கடலில் முட்டையிடும் இறால் இனங்களின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் அடைபட்டால் அந்த வழியும் அடைபடும்.

ஒவ்வொரு தனி உயிரும் இனம் பெருக்கவேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பதில்லை, ஆனாலும் அது உயிருள்ளதே. இனம் என்ற அளவில் பார்க்கவேண்டிய இயல்பு இது.

உயிரற்றவையும் இவற்றில் சிலதைச் செய்யும்

எஞ்சின் பூட்டிய படகை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் என்ற உணவு வேண்டும், ஒட்சிசன் வேண்டும், புகை என்ற கழிவை விடுகிறது, அசைகிறது. நான்கு இயல்புகள் வந்துவிட்டன. பாலமீன்மடுவில் மணல்திட்டு வளர்கிறது. உப்பளத்தில் உப்புப் பளிங்கு வளர்கிறது. நெருப்பு பரவிப் பெருகுகிறது.

ஆனால் படகு தன்னைத் தானே பழுதுபார்க்காது, குட்டிப் படகு போடாது. மணல்திட்டில் அலை கொண்டுவந்த மணல் மணலாகவே குவிகிறது. நண்டு தின்றதோ நண்டின் உடலாக மாறுகிறது. ஒன்றிரண்டு இயல்பு இருப்பதால் ஒன்று உயிருள்ளதாகிவிடாது. எல்லாம் சேர்ந்து, உள்ளிருந்தே, தானாக நடக்கவேண்டும். பௌதிக விஞ்ஞானி எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் இதையே வேறு வழியில் விளக்கினார்: எல்லாப் பொருளும் காலத்தோடு சிதைவை நோக்கிப் போகிறது. உயிரோ, சூழலிலிருந்து எடுத்துக்கொண்டு, தன்னுள் ஓர் ஒழுங்கைத் தொடர்ந்து காப்பாற்றுகிறது. எடுப்பது நின்றால் அதுவும் சிதையத் தொடங்கும்.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. இறால் பண்ணைகளை அழிக்கும் வெண்புள்ளி நோயின் வைரஸுக்குக் கலம் இல்லை, உண்பதில்லை, சுவாசிப்பதில்லை. இறாலின் கலத்துக்குள் போனால் மட்டும் பெருகும். வைரஸை உயிருள்ளவற்றோடு சேர்ப்பதா இல்லையா என்பதில் விஞ்ஞானிகளுக்கிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

விதை இன்னொரு வகை. உலர்ந்த விதையில் எந்த வேலையும் நடப்பதாகத் தெரியாது. ஆனால் இஸ்ரேலின் மசாடா கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய பேரீச்சம் விதை ஒன்று 2005இல் முளைத்தது. அசையாமல் கிடப்பதெல்லாம் இறந்தது அல்ல.

கேட்கும் ஒலி யாருடையது?

உயிரை அடையாளம் காண ஆதாரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எங்கள் பாடும் மீனே சாட்சி. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற், கோட்டைக்கு அருகே நிலவொளியில் படகில் போய் நீருக்கடியிலிருந்து வந்த இசை போன்ற ஒலிகளைக் கேட்டதாக எழுதினார். அவர் விசாரித்த மீனவர்கள், அது மீனின் ஒலி என்று சொல்லவில்லை. ஊரி வகை ஒன்றின் ஒலி என்றே சொன்னார்கள். ஊர் இன்று பாடும் மீன்களின் நகரமாகிவிட்டது. ஆனால் ஒலி என்பது காற்றாலும் நீராலும் கல்லாலும் எழக்கூடியது. ஒலியை மட்டும் கேட்டு அதை உயிரின் குரல் என்று சொல்ல முடியாது. ஒலி எழுப்பும் உடலைக் கண்டு, மற்ற இயல்புகளையும் பார்த்த பின்னரே முடிவு சொல்லலாம்.

நட்ட கன்றுகளுக்கு என்ன நடந்தது?

இப்போது குச்சிக்கும் கன்றுக்கும் திரும்புவோம். சுனாமிக்குப் பின்னர் இலங்கையில் நடந்த கண்டல் மீள்நடுகையை ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 1000 முதல் 1200 ஹெக்டயர் வரை நடுகைத் திட்டங்களுக்குள் வந்திருந்தது. வெற்றி என்று சொல்லக்கூடியது 200 முதல் 220 ஹெக்டயர் வரைதான். அவர்கள் பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் கன்றுகள் தப்பிய இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை.

காரணங்களைப் பார்த்தால் மேலே சொன்ன இயல்புகளின் பட்டியலே மீண்டும் வருகிறது. நீர் வற்றாத இடத்தில் நட்டதால் வேர் சுவாசிக்க முடியவில்லை. உவர்ப்பு அந்த இனத்துக்கு ஒவ்வாத இடத்தில் நட்டதால் கன்றால் உள்ளே சீர்காக்க முடியவில்லை. அல்கா மூடியதால் ஒளி கிடைக்கவில்லை. கால்நடை மேய்ந்ததால் வளர்ச்சி நின்றது. நட்டபின் பராமரித்த இடங்களில் தப்பிய கன்றுகள் அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. கன்று தேவைகள் உள்ள ஓர் அங்கி. அதைக் குச்சி போல ஊன்றிவிட்டு வந்தால் அது குச்சியாகவே மாறும்.

வெட்டுண்ட மரங்களிலும் இதே பாடம் உண்டு. தில்லையையும் வெண்கண்டலையும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். முதிர்ந்த கண்டலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. வெட்டிய கட்டை பெரும்பாலும் செத்தே போகும். போர்க்காலத்தில் ஒரே கத்தியால் வெட்டப்பட்ட இரண்டு மரங்களில் ஒன்று உயிரோடு இருந்திருக்கலாம், மற்றது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கட்டைதான். தளிர்க்கக்கூடிய கட்டையைப் பிடுங்கிவிட்டு அங்கே புதுக்கன்று நடுவது, உள்ள உயிரை அழித்துவிட்டு இல்லாத உயிரை எண்ணுவதற்குச் சமம்.

வாவிக்கு உயிர் இருக்கிறதா?

"வாவி செத்துப்போச்சு" என்று படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் மீனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானக் கணக்கில் வாவி ஓர் அங்கி அல்ல. அதற்குக் கலம் இல்லை, அது இன்னொரு வாவியை ஈனுவதில்லை. உயிருள்ளவையும் நீர், மண், உப்பு, ஒளி போன்ற உயிரற்றவையும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் சூழற்றொகுதி அது.

ஆனால் மீனவரின் சொல்லில் அர்த்தம் இருக்கிறது. முகத்துவாரம் வழியே உவர்நீரும் இறால் குஞ்சும் உள்ளே வருவதும், வெள்ளமும் கழிவும் வெளியே போவதும் நின்றால், வாவிக்குள் உள்ள உயிர்கள் ஒவ்வொன்றாகத் தமது இயல்புகளை இழக்கும். வாவி சாவதில்லை. வாவிக்குள் சாகின்றன. அந்த வேறுபாடு தெரிந்தால் 'எதைக் காப்பாற்றுவது' என்ற கேள்விக்கும் திட்டமான பதில் கிடைக்கும்: நீரோட்டத்தை, ஒளியை, மூச்சு வேருக்கான காற்றை, முட்டையிடும் மீனை.

நாங்கள் இழந்தவற்றைப் பிறர் எண்ணிச் சொன்ன கணக்குகளோடு வாழ்ந்த சமூகம். கொடுத்தவற்றையும் அவர்களே எண்ணிச் சொல்கிறார்கள். ஆகவே அடுத்தமுறை உங்கள் கரையில் கண்டல் நடவரும் நிறுவனத்திடம் எத்தனை கன்று என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த இடத்தில் முன்பு கண்டல் இருந்ததா? எந்த இனம்? கோடையில் இங்கே உவர்ப்பு எப்படி இருக்கும்? மாரியில் எத்தனை நாள் நீர் நிற்கும்? ஆடு, மாடு வராமல் பார்ப்பது யார்? மூன்று வருடம் கழித்து வந்து எண்ணப்போவது யார்? இவற்றையும் கேளுங்கள். நீரோட்டம் சரியாக இருந்து, தாய்மரம் அருகில் நின்றால், யாரும் நடாமலே கண்டல் மீண்டும் வரும் என்பதையும் சொல்லுங்கள்.

குச்சியையும் கன்றையும் பிரித்தறிய ஒரு பருவகாலம் போதும். ஒன்றில் முதல் சோடி இலை விரியும். மற்றதில் வாவி நீர் ஏறி, அது மெல்ல உக்கத் தொடங்கும்.